திரையும் ஓதமும்: சென்னைக் கரையின் ஆக்கமும் அழிவும்

கடலின் இயக்கத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களுள் திரை, ஓதம் என்னும் இரண்டும் ஈண்டு நோக்கத்தக்கன. வழக்கில் இவை ஒன்றன் பொருளில் மற்றொன்று மயங்கி வருதலும் உண்டு. ஆயினும் காரணத்தால் இவை வேறு. திரையை எழுப்புவது காற்று. ஓதத்தை எழுப்புவது திங்கள், ஞாயிறு ஆகியவற்றின் ஈர்ப்பு. கரையை உருவாக்குவதில் இவற்றுள் எதன் பங்கு மிகுதி என்பது இடந்தோறும் மாறுபடும். சென்னைக் கரையைக் கொண்டு அதனை ஆராய்வோம்.

திங்களின் ஈர்ப்பு அதனை நோக்கிய பக்கத்தில் மிகுந்தும் மறுபக்கத்தில் குறைந்தும் இருத்தலின், கடல்நீர் இருபுறமும் புடைக்கின்றது. அதனால் பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை நீர் ஏறும். ஞாயிறும் திங்களும் நிலவுலகோடு ஒரு நேர்க்கோட்டில் அமையுங்கால் அவ்வேற்றம் பெரிதாகும். நிறைமதி நாள், மறைமதி நாள் இரண்டையும் உவா என்னும் ஒரு சொல்லால் முன்னோர் வழங்கியது இவ்வுண்மைக்கு இயைந்துள்ளது. எனினும், அதுகொண்டு அவர்கள் ஈர்ப்பு விதியை அறிந்திருந்தனர் என்பது மிகைக் கூற்றாம்.

வாயகன்று உட்குறுகிய காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டர் அளவு ஏறி இறங்கும். சென்னையிலோ உவா நாளிலும் ஏறத்தாழ 1 மீட்டரே. ஆகவே, இக்கரையை வனைவது பெரும்பாலும் திரையே என்க.

ஆழ்கடலில் திரை செல்லினும் நீர் செல்வதில்லை. அது வட்டமிட்டு ஏறத்தாழத் தன்னிடத்திற்கே மீளும். ஆழம் அலைநீளத்தின் பாதியினும் குறையுங்கால் திரையின் அடி தரையை உணரும், வேகம் தளரும், கரையை நெருங்குந்தோறும் உயரம் மிகும், முடிவில் முறிந்து விழும். கரையில் அது சாய்வாக மோதின், ஏறும் நீர் மணலைச் சாய்வாக ஏற்றும். இறங்கும் நீரோ சரிவின் வழியே நேரே இழுக்கும். இங்ஙனம் ஒவ்வொரு திரைக்கும் மணல் சிறிது பக்கவாட்டில் நகர்கின்றது. தென்காற்றாகிய சோழகம் வீசும் மாதங்களில் மணல் வடக்கு நோக்கியும், வாடை வீசும் மாதங்களில் தெற்கு நோக்கியும் பெயரும். முன்னது மிகுதியாகலின், ஆண்டுக் கணக்கில் மணலின் செலவு வடக்கு நோக்கியதே.

இதனைக் கண்கூடாகக் காட்டியது சென்னைத் துறைமுகமாம். அதன் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டும் பணி 1870களில் தொடங்கிற்று. 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைக்க, மீண்டும் கட்டினர். வடக்கே செல்லவேண்டிய மணல் சுவரின் தென்பால் தடையுண்டு குவிந்தது. இன்று சில இடங்களில் 300 மீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும் மெரினாக் கரை பெரும்பாலும் அவ்வாறு விளைந்ததே. மாலையில் அங்கு உலாவுவோருள் இதனை நினைப்பார் சிலரே.

வடபாலோ மணல் வரவு குறைந்தது. திரையின் இழுப்புக் குறையவில்லை. இராயபுரம் முதலாக எண்ணூரை நோக்கிய கரை தேய்ந்தது. மீனவர் வீடுகள் வீழ்ந்தன. கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் மணற்பரப்பு இன்றாயிற்று. கடல் கொண்டது என்பர். கடலோ முன்பு செய்ததையே செய்தது. காப்பாகக் கற்சுவர் இட்டனர். சுவரின் பின்னுள்ள நிலம் பிழைத்தது. அரிப்போ சுவர் முடியுமிடத்திற்கு வடக்கே பெயர்ந்தது. நூறாண்டு கழித்து, 1980களில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. நகரின் முன்னிருந்த மணற்கரை மறைந்து கற்குவியலே எஞ்சிற்று.