உப்பு இறங்கி வந்த இமயமலைப் பாதை தெரியுமா?

பூஜை அறையில் பட்டுத்துணி விரித்து, பாலும் துளசியும் வைத்து ஆராதிக்கிற சாளக்கிராமத்தை என்றைக்காவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? கன்னங்கரேலென்று, வழவழவென்று, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சிலவற்றில் சின்னதாக ஒரு வாய். அதற்குள் உற்றுப் பார்த்தால் சுருள் சுருளாகச் சக்கரம். அந்தச் சக்கரம் ஒரு கடல் பிராணியின் ஓடு பதிந்த தடம்! அம்மோனைட் என்று பெயர். இன்று உலகத்தில் எந்தக் கடலிலும் அது இல்லை. 10 கோடி ஆண்டுகளுக்கும் வெகு முன்னால், இமயமலையே பிறக்காத காலத்தில், டெதிஸ் என்ற கடலில் நீந்திய உயிர் அது.

நேபாளத்தின் காளி கண்டகி ஆறுதான் அந்தக் கற்களை மலையிலிருந்து பெயர்த்து உருட்டிக்கொண்டு வருகிறது. அந்த ஆற்றங்கரையோரமாகவே நூற்றாண்டுக்கணக்கில் இன்னொரு பொருளும் இறங்கி வந்தது. அது உப்பு!

திபெத்தில் கடல் ஏது என்கிறீர்களா? அங்கே உப்பு ஏரிகள் உண்டு. உப்பு கொட்டிக் கிடக்கும், ஆனால் அந்தக் குளிரில் நெல் விளையாது. கீழே நேபாள மலைக்கிராமங்களில் தானியம் விளையும், உப்புக்கு வழியில்லை. இவர்களுக்கு அது வேண்டும், அவர்களுக்கு இது வேண்டும். நடுவில் நிற்பதோ இமயமலை! அந்தச் சுவரில் ஒரு வாசல்போல இருப்பது 4,660 மீட்டர் உயரத்தில் உள்ள கோரா லா கணவாய். பக்கத்திலேயே எட்டாயிரம் மீட்டர் சிகரங்கள் நிற்கிற இடத்தில் இது தாழ்வான வழி. யாக் மாடுகளும் கோவேறு கழுதைகளும் மூட்டை சுமந்து நடந்தன.

அந்தப் பாதை இறங்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருபுறம் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். மறுபுறம் தவளகிரி, 8,167 மீட்டர். இடைவெளி சுமார் 35 கிலோமீட்டர்தான். நடுவே ஆறு ஓடுவது ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில். அண்ணாந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலை! இவ்வளவு பெரிய மலையை ஆறு எப்படித் துளைத்தது? மலை வளர்வதற்கு முன்பே ஆறு அங்கே ஓடியது, மலை எழ எழ ஆறு அறுத்துக்கொண்டே வந்தது என்பதுதான் நிலவியலாளர்கள் பலர் சொல்லும் விடை. மலைக்கு மூத்த ஆறு!

வடக்கிலிருந்து உப்பும் தெற்கிலிருந்து தானியமும் வந்து கைமாறிய ஊர் டுக்குச்சே. அங்கே கொடிகட்டிப் பறந்தவர்கள் தகாலி வணிகர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உப்பு வரி வசூலிக்கும் குத்தகையே அவர்கள் கைக்கு வந்தது. குத்தகைக்காரருக்குச் சுப்பா என்று பட்டம். முற்றத்தைச் சுற்றிக் கிடங்கும் தொழுவமுமாக அவர்கள் கட்டிய வீடுகளின் கூரை தட்டையான மண் கூரை. அதன் விளிம்பு நெடுக விறகு அடுக்கியிருப்பார்கள். மண் கூரை மழைக்குத் தாங்குமா? மழை வந்தால்தானே! மலைக்குத் தெற்கே லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மலைக்குப் பின்னால் ஜோம்சோமில் சுமார் 300 மில்லிமீட்டர்தான்.

அந்தத் தகாலிகளிடம் டிக்கூர் என்று ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தத் தொகையையும் எடுத்துக்கொள்வார். அட, நம்ம ஊர்ச் சீட்டு! அந்தப் பணத்தில்தான் எத்தனையோ பேர் கடை வைத்தார்கள், விடுதி திறந்தார்கள். இன்று காத்மாண்டுவில் தெருவுக்குத் தெரு தகாலிச் சாப்பாடு கிடைக்கிறதென்றால் அது இந்த உப்புப் பாதையில் வளர்ந்த கைப்பக்குவம்.

மனிதர்கள் மட்டுமா இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள்? மங்கோலியாப் பக்கமிருந்து ராஜஸ்தானுக்கு வரும் டெமாய்சல் கொக்குகளும் கூட்டம் கூட்டமாக இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் இமயத்தைத் தாண்டுகின்றன. பொன்னிறக் கழுகுகள் வழிமறிக்கும், எதிர்க்காற்று வேறு. முற்பகலுக்குமேல் வடக்கே உள்ள வறண்ட மேட்டுநிலம் சூடாகி அங்கே காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பத் தெற்குக் காற்று இந்தப் பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. ஜோம்சோம் விமானங்களெல்லாம் காலையிலேயே பறந்து முடித்துவிடுவது அதனால்தான்.

1950-இல் அன்னபூர்ணாவில் ஏற வந்த பிரெஞ்சுக் குழுவும் டுக்குச்சேயில்தான் தங்கியது. வரைபடம் தவறாக இருந்ததால் மலை எங்கே என்று தேடவே அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆயிற்று!

1959-க்குப் பிறகு திபெத் எல்லையில் கெடுபிடி வந்தது. தெற்கிலிருந்து இந்திய உப்பு மலிவாக ஏறி வந்தது. உப்பு வணிகம் சரிந்தது. ஆனாலும் பாதை ஓயவில்லை. அதிலிருந்து கிழக்கே பிரியும் வழியில், 3,700 மீட்டருக்கு மேலே இருப்பது முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் திவ்யதேசம் அது. 108 பசுவாய்த் தாரைகளில் பனிபோல் குளிர்ந்த நீர் கொட்டுகிறது. பக்கத்திலேயே ஜ்வாலா மாயி கோயிலில், பாறையிடுக்கில் கசியும் இயற்கை எரிவாயு நீலச் சுடராக எரிகிறது, அதன் அடியில் தண்ணீர் ஓடும் சலசலப்போடு!

முக்திநாத் யாத்திரை போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது ஜீப் நேராக மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. டுக்குச்சேயில் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். காற்று கிளம்புவதற்கு முன், காலையிலேயே இறங்கி, அந்தப் பழைய உப்புக் கிடங்கு வீடுகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.