தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்?

பசார் மாலாமில் பிளாஸ்டிக் பைகளில் தொங்கும் வண்ண மீன்களைப் பார்த்துவிட்டால் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்கள். இரண்டு தங்கமீன், நான்கு நியோன் டெட்ரா, ஒரு ஏஞ்சல், கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு 'ஈக்கான் பண்டாராயா' என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கி, அன்றிரவே புதுத் தொட்டியில் விட்டுவிடுவது வழக்கம். அடுத்த வாரம் பார்த்தால் பாதி மீன் இருக்காது. மீன் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் நாம் சேர்த்த கூட்டணிதான் தவறு.

ஏஞ்சல் மீன் வளர்ந்ததும், வாய்க்கு அடங்கும் நியோனை விழுங்கிவிடும். புலிக்கோடு போட்ட டைகர் பார்ப், மெதுவாக நீந்தும் மீன்களின் துடுப்பையும் வாலையும் கொத்திக்கொண்டே இருக்கும். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. மென்மையான செடிகளையும் மேய்ந்துவிடும். கடையில் விரல் நீளம் இருக்கும் பண்டாராயா ஓர் அடிக்கு மேல் வளரும். அந்த உடம்போடு அது திரும்பினாலே நட்ட செடிகள் வேரோடு வந்துவிடும்.

ஆகவே மீன் வாங்கும்போது நிறத்தைப் பார்க்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்? எந்த மாதிரி நீரில் பிறந்தது? தனியாக இருக்குமா, கூட்டமாக இருக்குமா?

இரண்டாவது கேள்விதான் இங்கே முக்கியம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் கிள்ளான் தாமான் வீடானாலும், ஏர்கோன் இல்லாத அறையில் தொட்டி நீரின் வெப்பம் சாதாரணமாக 28 டிகிரியைத் தொடும். நியோன் டெட்ராவுக்கு 25 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் சுகம். அதற்கு விசிறி, குளிரூட்டும் கருவி என்று செலவு செய்வதைவிட, இந்த வெப்பத்திலேயே பிறந்த மீனைத் தேடுவது புத்திசாலித்தனம்.

அப்படி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம் வரைந்தது போன்ற ஹார்லிகுவின் ரஸ்போரா, இந்தத் தீபகற்பத்துக் காட்டோடைகளிலும் சதுப்புநிலக் கறுப்பு நீரிலும் வாழும் மீன். ஜெர்மானிய ஆய்வாளர் டுன்கர் 1904இல் மலாயா மீன்களைப் பற்றி எழுதியபோது இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் இருக்கிறது. இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது, யாரையும் கொத்தாது. ஆனால் இரண்டு மூன்றாக வாங்கினால் மிரண்டு ஒளிந்துகொள்ளும். எட்டு, பத்தாக விட்டால்தான் அழகு தெரியும்.

இரண்டு அடித் தொட்டிக்கு ரஸ்போரா பத்து, அடியில் மண்ணைக் கிளற கூலி லோச் ஆறு, மேல்மட்டத்துக்கு ஒரு ஹனி கௌராமி போதும். (கூலி என்றதும் தோட்டத்துக் கூலி நினைவுக்கு வரவேண்டாம், ஹைன்ரிக் கூல் என்ற இயற்கை ஆய்வாளரின் பெயர் அது.) தோட்டத்துக் கால்வாயில் சண்டை மீன் பிடித்து போத்தலில் வளர்த்தவர்களுக்கு, அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க ஆசை வரும். சேர்க்காமலிருப்பது நல்லது. கௌராமியும் சண்டை மீனும் உறவுக்காரர்கள். பங்காளிச் சண்டை நிச்சயம்.

செடிகளில் கிரிப்டோகோரின், ஜாவா ஃபெர்ன் இரண்டும் அதிக வெளிச்சம் கேட்காதவை. கிரிப்டோகோரின் புது இடத்தில் நட்டதும் இலையெல்லாம் கரைந்து போகலாம். பிடுங்கி எறிய வேண்டாம், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஜாவா ஃபெர்னை மண்ணில் புதைத்தால் அழுகும், மரக்கட்டையில் கட்டிவிட வேண்டும். சாலையோரக் கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் நீர் தேநீர் நிறமாகும். ரஸ்போராவுக்கு அது பிறந்த வீட்டு நீர் மாதிரி. மருந்தடித்த இடத்து இலையை மட்டும் எடுக்கக்கூடாது.

செடி நட்டு, வடிகட்டியை ஓடவிட்டு, நான்கு வாரமாவது பொறுத்திருக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை மாற்றிவிடும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக அவ்வளவு காலம் பிடிக்கும். காத்திருக்கும் நாட்களில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவந்தால்தான் அவற்றுக்கும் உணவு கிடைக்கும். பிறகும் மீன்களை ஒரே நாளில் விடாமல் சிறிது சிறிதாக விடவேண்டும். வாரம் ஒருமுறை கால்வாசி நீரை மாற்றினால் போதும், குழாய் நீருக்குக் குளோரின் நீக்கி கலக்க மறக்கக்கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்த் தடை புதிதல்ல. தடை நீங்கி முதலில் வரும் கலங்கல் நீரை ஒருபோதும் தொட்டியில் ஊற்றவேண்டாம்.

அடங்காமல் வளர்ந்த மீனைப் பலர் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். கருணையாகத்தான் செய்கிறார்கள். ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து வந்த பண்டாராயா கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டது. தன்னார்வலர்கள் வலைவீசி அள்ளியும் தீரவில்லை. வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. வாங்கும் அன்றே அதைக் கேட்டுவைத்துக்கொள்ளலாம்.