பெட்டிக்குப் பேரீச்சம்பழம் கிடையாது!

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு டி.வி. பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும். பின்பக்கம் தொப்பை போட்ட பழைய ரகம். இல்லை என்கிறீர்களா? மாமியார் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள்.

2006-ல் ஆரம்பித்து, அடுத்த ஐந்து வருஷத்தில் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டி.வி.க்கள் மட்டுமே ஒன்றரைக் கோடிக்கும் மேல். கம்பம், போடி, ஆண்டிபட்டி என்று எங்கள் தேனி மாவட்டத்திலும் ஊர் ஊராக வந்து இறங்கின. ஒரு பெட்டி பத்து கிலோ என்று வைத்தாலே மொத்தம் ஒன்றரை லட்சம் டன்! வந்த வழி தெரியும். போகிற வழி?

சட்டம் இருக்கிறது ஸார். மின்னணுக் கழிவுக்கென்று மத்திய அரசு 2011-ல் விதிகள் போட்டது. 2012 மே மாதம் அமலுக்கு வந்தது. 'விற்ற கம்பெனியே, உன் சரக்குக்கு நீயே பொறுப்பு' என்பதுதான் சாரம். 2016-ல் இன்னும் இறுக்கினார்கள். 2022-ல் மொத்தத்தையும் மாற்றி எழுதி, 2023 ஏப்ரல் முதல் அமல்படுத்தினார்கள். 21 வகைச் சாமான்களாக இருந்த பட்டியல் 106 ஆயிற்று. பொம்மை, சோலார் பேனல் எல்லாம் உண்டு.

புது விதிப்படி கம்பெனிக்காரர் வந்து உங்கள் பரணில் ஏற வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை, பழைய சாமானைப் பிரித்துச் சான்றிதழ் வாங்கும். அதைக் கம்பெனி காசு கொடுத்து வாங்கிக் கணக்குக் காட்டலாம். முதல் இரண்டு வருஷம் 60 சதவீதம், அடுத்த இரண்டு வருஷம் 70, 2027-28 முதல் 80 என்று இலக்கு. காகிதத்தில் ஜோராகத்தான் இருக்கிறது.

பெரியகுளம் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன்.

"டி.வி. எடுப்பீங்களாண்ணே?"

"எடுப்பேன் தம்பி. உள்ள செம்புக் காயில் இருக்குல்ல... அதுக்குத்தான் காசு. கண்ணாடிக்குக் கெடையாது."

"அதை என்ன செய்வீங்க?"

"எவன் வாங்குறான்? ஒடச்சு அங்கிட்டுப் போட வேண்டியதுதான்."

'அங்கிட்டு' என்று அவர் கை காட்டிய இடத்தில் சீமைக்கருவேல முள்.

அந்தக் கண்ணாடிதான் வில்லன். படம் பார்க்கிறவர் மேல் எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க, பிக்சர் டியூபின் பின்பக்கக் கூம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்ஸைடு கலந்திருப்பார்கள். முழுசாக இருக்கிறவரை சாது. உடைத்து மழையில் போட்டால் ஈயம் மெல்ல மண்ணில் இறங்கும். ஈயம் முதலில் பதம் பார்ப்பது குழந்தைகளின் மூளையை.

கடைக்காரரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நம் வாசலுக்கு வருகிற ஒரே ஆசாமி அவர்தானே! அதோடு, வேடிக்கையைக் கேளுங்கள்: ஆலைகள் வாங்கும் சான்றிதழும், மீட்டெடுத்த தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் இந்த நான்கை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஈயக் கண்ணாடிக்கு அங்கேயும் மார்க் கிடையாது. பத்திரமாக அப்புறப்படுத்தணும் என்று விதி சொல்கிறது. ஆலைக்கு அது தண்டச் செலவு. சர்க்கார் கணக்கும் இரும்புக் கடைக் கணக்கும் ஒன்றாக இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் அனுமதி பெற்ற ஆலைகள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றித்தான். தேனியிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர்! லாரி வாடகை யார் தருவது? 2024-ல் மத்திய அரசு, வீட்டு மின்னணுச் சாமான்களை மறுசுழற்சி செய்ய ஆலைகளுக்குக் கம்பெனிகள் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தரவேண்டும் என்று நிர்ணயித்தது. நம் பத்து கிலோ பெட்டிக்கு 220 ரூபாய் என்று வையுங்கள். அதுவே அதிகம் என்று சாம்சங், எல்.ஜி., டைகின் உள்ளிட்ட கம்பெனிகள் தில்லி ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டன.

நீங்கள் பெட்டியை இறக்குவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். டியூபை உடைக்காமல் முழுசாகக் கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் போடும்போது, "இது எந்த ஆலைக்குப் போகும்?" என்று கேளுங்கள். நான் ஒரு ஷோரூமில் கேட்டேன். அதுவரை கால்குலேட்டரில் தள்ளுபடி தட்டிக்கொண்டிருந்த தம்பி, "ஒரு நிமிஷம் ஸார்" என்று மேனேஜரைத் தேடிப் போனார். மேனேஜர் வந்தார். "எதுக்கு ஸார் கேக்கறீங்க... பத்திரிகையா?" என்றார்.