உரக்கலவை சீராக அமைய வேண்டுமானால்...

நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து தூவுகிறோம். கணக்கிட்டால் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது சுமார் 2.5 கிராம் மட்டுமே. கலவை சீராக இல்லாவிடில், செலவு செய்தும் வயலின் ஒரு பகுதிப் பயிர் துத்தநாகக் குறையால் தேங்கி நிற்கும்.

தூளையும் குருணையையும் கலக்கும் ஆலைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளிலிருந்து உழவர்கள் கற்றுக்கொள்ளக் கூடிய பாடம் இது.

இயந்திரத்தில் நடப்பது என்ன?

உப்பு நீரில் தானே கரைந்து பரவும். உலர்ந்த குருணைகளோ தள்ளினாலன்றி நகரா. எனவே அடிவளைந்த தொட்டியின் நடுவே ஒரு தண்டையும், அதில் நாடா போன்ற இரும்பு அலகுகளையும் பொருத்துகின்றனர். தண்டு சுழலும்போது வெளி அலகு பொருளை ஒரு திசையிலும், உள் அலகு எதிர்த்திசையிலும் தள்ளும். தொட்டியை அளவுக்கு மீறி நிரப்பினால் அலகுகளுக்கு மேலுள்ள பொருள் அசையாமல் கிடக்கும்.

நெடுநேரம் சுற்றினால் நன்கு கலக்கும் என்பதும் சரியன்று. பருமன் வேறுபட்டால், சிறு துகள்கள் இடுக்குகள் வழியே அடியில் இறங்கும்; பெரியவை மேலே நிற்கும். முறத்தில் நொய் பிரிவது போன்றதே இது. கலக்கும் அசைவே பிரிக்கவும் செய்கிறது. மணலியில் தயாரான 'விஜய்' 17:17:17 போன்ற காம்ப்ளக்ஸ் உரங்களில் ஒவ்வொரு குருணையிலும் மூன்று சத்துக்களும் இருப்பதால் இத்தொல்லை இல்லை.

வயலில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. மணல் உலர்ந்ததாகவும், உரத்தின் பருமனை ஒத்ததாகவும் இருக்க வேண்டும். ஈரமணல் கட்டியாகும்.

2. முதலில் 10 கிலோ உரத்துடன் 10 கிலோ மணலைக் கலந்து, பின் மீதி மணலைச் சேர்க்கவும்.

3. மண்வெட்டியால் அடியிலிருந்து புரட்டி, குவியலை மூன்று முறை இடம் மாற்றவும். உயரத்திலிருந்து கொட்டினால் பருமனானவை உருண்டு ஓரத்தில் சேரும்.

4. வீட்டில் கலந்து வண்டியில் கொண்டு செல்ல வேண்டாம். வழியில் குலுங்கிப் பிரியும். வரப்பிலேயே கலந்து உடனே தூவவும்.

5. கலவையை இரு பாதியாக்கி, ஒன்றை நீளவாட்டிலும் மற்றதைக் குறுக்குவாட்டிலும் தூவவும்.

6. டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரங்களுடன் துத்தநாக சல்பேட்டைக் கலக்கக் கூடாது.

ஐயமிருப்பின் திருவள்ளூர் மாவட்ட உழவர்கள் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகிப் பயன்பெறலாம்.