ஆண்டுதோறும் பாட்டு, எட்டாண்டுக்கு ஒரு பூ

மும்பை போரிவலி தேசியப் பூங்காவின் மலைச்சரிவுகளில் 2024-ம் ஆண்டு மழைக்கால முடிவில் ஊதா நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூத்தன. கார்வி என்பது அந்தச் செடியின் பெயர். அதற்கு முன் பூத்தது 2016-ல். அதற்கும் முன் 2008-ல். இனி 2032-ல்தான். தவணை தப்பிப் பூக்கும் செடிகள் சில உண்டு. ஆனால் மலை நிறையப் பூப்பது எட்டாண்டுக்கு ஒரு முறையே. 2017-ல் மும்பைக்கு வேலைக்கு வந்து, 2023-ல் கணக்கு முடித்து ஊர் திரும்பிய தொழிலாளிக்குக் கார்வி வெறும் பச்சைப் புதர்தான்! நம் நீலகிரிக் குறிஞ்சியும் இதே இனம். அதற்குத் தவணை பன்னிரண்டு ஆண்டு. 2018-ல் பூத்தது.

இதே மேற்கு மலைத்தொடரின் ஓடைக்கரைகளில் ஒரு பறவை வசிக்கிறது. மலபார் சீழ்க்கைக் குருவி என்று சொல்லலாம். மைனாவை விடச் சற்றுப் பெரியது. கருநீல உடல், நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலப் பட்டை. விடியுமுன் பாடத் தொடங்கும். கவலையில்லாத பையன் ஒருவன், மெட்டு பாதியில் மறந்துபோய், மனம்போனபடி சீட்டியடிப்பது போலிருக்கும். வெள்ளைக்காரர்கள் 'சீட்டியடிக்கும் பள்ளிப் பையன்' என்றே பெயர் வைத்தார்கள். நண்டு, நத்தை, பூச்சி, பழம் எல்லாம் தின்னும். அருவியோரப் பாறை இடுக்கில் கூடு கட்டும். ஓராண்டு கூடு வெள்ளத்தில் போனாலும், மறு மழைக்கு மறுபடி கட்டலாம்.

கார்விக்கு அந்த வசதி கிடையாது. ஏழு மழைக்காலம் வளர்ந்து, எட்டாவதில் பூத்து, காய்த்து, அதோடு செத்துப்போகிறது. காய்கள் வெயிலில் காய்ந்து, மறு ஆண்டு மழைத்துளி பட்டதும் 'பட் பட்' என்று வெடித்து விதையைச் சிதறும். ஆறாவது ஆண்டில் சரிவை வெட்டினாலோ, பூத்த மறு கோடையில் தீ வைத்தாலோ, எட்டாண்டுச் சேமிப்பும் போயிற்று. அதன் வேர் பிடித்திருந்த மண்ணும் மழையில் கரையும். வார்லி ஆதிவாசிகள் கார்வித் தண்டுகளை வரிசையாகக் கட்டி, மண்ணும் சாணமும் பூசிக் குடிசைச் சுவர் எழுப்புகிறார்கள்.

பாட்டைக் கேட்க 2032 வரை காத்திருக்க வேண்டாம். நேரல் நிலையத்தில் இறங்கி மாத்தேரான் மலைக்குப் போகலாம். மழை மூட்டமான நாளில் பகலிலும் பாடும். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதும். குடையை மறக்க வேண்டாம்.