ஊர்ப் பறவைகளுக்கு ஓராண்டுக் கணக்கு

ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கு வந்து போகும் பறவைகளை ஓராண்டுக் காலம் படம் பிடித்து, ஒவ்வொன்றும் இன்ன இனம் என்று அடையாளம் கண்டு எழுதி வைக்கும் வழக்கம் பறவை ஆர்வலரிடையே பரவி வருகிறது. பலர் இதனைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒரு போட்டியாகத் தொடங்குகின்றனர். நூறு இனங்கள், நூற்றைம்பது இனங்கள் என்று இலக்கு வைத்துக்கொள்வோரும் உண்டு. பொழுதுபோக்காகத் தோன்றும் இம்முயற்சி, சில எளிய ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால், விஞ்ஞானத்துக்குப் பயன்படும் ஆவணமாகிவிடும். அவ்வொழுங்குகள் யாவை, அவற்றின் காரணம் என்ன என்பதைப் பள்ளி ஆசிரியரும் களப் பணியாளரும் அறிந்திருப்பது நன்று.

ஓராண்டு ஏன்?

தில்லி மாநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொள்வோம். யமுனையின் கரை, ஓக்லா அணைக்கட்டின் நீர்ப்பரப்பு, நகரினுள்ளேயே அமைந்த மலைமுகட்டுக் காடு, அருகே ஹரியானாவின் குருகிராம் மாவட்டத்திலுள்ள சுல்தான்பூர் ஏரி ஆகியவை பறவைகளுக்குப் பேர்போன இடங்கள்.

ஜனவரியில் ஏரிகளில் பட்டைத்தலை வாத்துகளைக் காணலாம். மத்திய ஆசியாவின் உயர்ந்த நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து வந்தவை இவை. ஊசிவால் வாத்தும், அகன்ற அலகால் நீரைச் சலித்து உண்ணும் தட்டைவாயனும் அக்காலத்திலேயே உள்ளன. புல்வெளிகளில் வெண்ணிற வாலாட்டிகள் ஓடித் திரியும். மார்ச்சில் இலவ மரங்கள் இலையுதிர்த்துச் செந்நிறப் பூக்களைச் சுமந்து நிற்கையில், தேனுண்ண வரும் மைனாக்களோடு, வடக்கே திரும்பும் வழியில் சூறைக்குருவிகளும் வந்து சேர்கின்றன.

ஏப்ரல், மே மாதங்களில் வாத்துகளில் பெரும்பாலானவை போய்விடும். வெயிலேறிய நண்பகலிலும் கன்னான் குருவி செம்பு தட்டுவது போன்ற ஓசையை ஓயாது எழுப்பும். குயிலின் குரல் நாளுக்கு நாள் ஓங்கும். பருவமழையை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து சுடலைக் குயில் வந்து சேரும். மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னும். ஆகஸ்டிலிருந்து தில்லி விலங்குக் காட்சிச் சாலையின் குளத்து மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டத் தொடங்கும். இவை கூண்டுப் பறவைகள் அல்ல. 1960-ஆம் ஆண்டு முதல் தாமாகவே அங்கு வந்து இனம் பெருக்கிவரும் காட்டுப் பறவைகள். செப்டம்பரில் குளிர்கால விருந்தாளிகளின் முன்னணிப் படையான உள்ளான் வகைகள் சேற்று நிலங்களில் மீண்டும் தென்படும்.

ஆகவே, குளிர்காலத்தில் மட்டும் படம் பிடிப்பவருக்குச் சுடலைக் குயில் கிட்டாது. கோடையில் மட்டும் செல்பவருக்கு வாத்துகள் கிட்டா. மேலும், ஒரே பறவை பருவந்தோறும் கோலம் மாறுவதும் உண்டு. மண்ணிறக் கோடுகளோடு கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கும் மடையானுக்கு, இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும். வெள்ளை உண்ணிக்கொக்கின் தலையிலும் கழுத்திலும் பொன்னிறம் ஏறும். நீளவால் இலைக்கோழிக்கு அதன் நீண்ட வால் குளிர்காலத்தில் இராது. ஓராண்டு தொடர்ந்து பார்க்காதவர், ஒன்றை இரண்டாக எண்ணிவிடக்கூடும்.

படம் காட்டுவதும் காட்டாததும்

முற்காலத்தில் பறவையை அடையாளம் காண அதனைச் சுட்டு வீழ்த்துவதே ஆராய்ச்சியாளர் வழக்கமாக இருந்தது. தொலைநோக்கியும் புகைப்படக் கருவியும் அவ்வழக்கத்தைப் பெரும்பாலும் அகற்றின. இந்நாட்டுப் பறவைகளைப் படம் பிடிப்பதில் முன்னோடிகளுள் ஒருவரான லோதர், 1949-இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். சாலிம் அலியுடன் பயணம் செய்த லோக் வான் தோவும் இத்துறையில் புகழ் பெற்றவர். பெரும் சுமையான கருவிகளோடு மறைவிடத்தில் மணிக்கணக்கில் அவர்கள் காத்திருந்தனர். இன்றோ எண்முறைக் கருவியால் நூற்றுக்கணக்கான படங்களைச் செலவின்றி எடுக்கலாம்.

படத்தின் பெரும் பயன், ஐயத்தைப் பிறர் முன் வைக்க இயலுவதாகும். வல்லூறும் அக்காக்குயிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாம்பல் நிற முதுகு, கோடிட்ட வயிறு, பட்டையிட்ட வால், பறக்கும் பாங்கு ஆகிய யாவும் இரண்டிற்கும் பெரிதும் ஒத்திருக்கும். சிறு பறவைகளே குயிலைக் கண்டு வல்லூறு என்று அஞ்சிக் கூச்சலிடுவதுண்டு. தலையின் பக்கவாட்டுப் படம் ஒன்று இருந்தால், கொக்கி போல் வளைந்த அலகைக் கொண்டு வல்லூற்றைப் பிரித்தறியலாம்.

எனினும், படம் எல்லாவற்றையும் தீர்த்து வைப்பதில்லை. ஒளி பின்னாலிருந்து விழுந்தால் பழுப்பும் கறுப்பாகத் தோன்றும். குளிர்காலத்தில் வரும் பசுமை கலந்த சிறு கதிர்க்குருவிகள் சிலவற்றை, எத்துணைத் தெளிவான படமாயினும், குரலைக் கேளாமல் உறுதி செய்வது கடினம். ஆதலின் படத்தோடு குரல், நடத்தை, இருந்த இடம் ஆகியவற்றையும் அப்போதே குறித்தல் வேண்டும். குறிப்பேட்டில் 'உறுதி', 'ஐயம்', 'தெரியாதது' என மூன்று பிரிவுகள் இருக்கட்டும். எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையால் ஐயத்தை உறுதியாக்குவது, அக்குறிப்பேடு முழுவதையும் நம்ப முடியாததாக்கிவிடும். 'தெரியாதது' என்று எழுதிய படத்துக்குப் பிற்காலத்தில் பெயர் கிடைக்கலாம். தவறாக எழுதிய பெயரையோ யாரும் தேடித் திருத்தப் போவதில்லை.

எளிய பறவைகளே இன்றியமையாதவை

இவ்வகைப் போட்டியில் ஒரு பெரும் இடர் உண்டு. அரிய பறவையைத் தேடி அலைபவர், நாள்தோறும் காணும் காகத்தையும் பருந்தையும் பதிவு செய்ய மறந்துவிடுகிறார். இம்மறதியின் விலை என்ன என்பதைப் பாறுக் கழுகுகளின் வரலாறு உணர்த்துகிறது.

வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் வட இந்திய ஊர்களில் செத்த மாடு கிடந்த இடமெல்லாம் கூடிய பறவை. அதனை எண்ண வேண்டும் என்று தோன்றியவர் மிகச் சிலரே. தில்லிக்குத் தெற்கே ராஜஸ்தானில் உள்ள பரத்பூரில், கேவலாதேவ் பூங்காவின் கூடுகளைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980-களில் எண்ணி வைத்திருந்தார். 1996-இல் அவர் மீண்டும் எண்ணியபோது அவற்றில் பாதிகூட இல்லை. பழைய கணக்கு இருந்ததனாலேயே இழப்பு தெளிவாயிற்று. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, அம்மாடுகளின் பிணத்தை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிக் கொன்றது என்பது 2004-இல் வெளிப்பட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவதை இந்தியா 2006-இல் தடை செய்தது. அதற்குள் இந்தியாவில் இவ்வினத்தின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பரத்பூரில் இருந்தது போன்ற கணக்குகள் ஊர்தோறும் இருந்திருந்தால், அபாயம் முன்னரே புலப்பட்டிருக்கக் கூடும்.

இன்றைய நிலையும் கவலைக்குரியதே. 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்கள் அளித்த பதிவுகளைக் கொண்டு, இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 2023-இல் வெளியாயிற்று. அதில் ஆராயப்பட்ட 942 இனங்களில், நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 மட்டுமே. அவற்றுள் 204 இனங்கள் குறைந்துள்ளன. 98 இனங்கள் நிலையாக உள்ளன. 36 இனங்கள் பெருகியுள்ளன. தந்திக் கம்பிகளில் எளிதாகக் காணப்பட்ட பனங்காடையும் குறைந்தவற்றுள் ஒன்று. எஞ்சிய அறுநூற்றுக்கு மேற்பட்ட இனங்களுக்கு அவ்வாறு கணிக்கப் போதிய பதிவுகளே இல்லை.

இத்தகைய கணக்கு எவ்வாறு போடப்படுகிறது? ஒரு வட்டாரத்தில் எழுதப்பட்ட நூறு பட்டியல்களில் ஓர் இனம் எத்தனைப் பட்டியல்களில் இடம் பெற்றுள்ளது என்பதே அடிப்படை. எண்பதில் இருந்தது பத்தாண்டுகளில் ஐம்பதாகக் குறைந்தால், அவ்வினம் அருகி வருகிறது என்று ஐயுற இடமுண்டு. பட்டியல் முழுமையாக இருந்தால்தான் இக்கணக்கு பொருந்தும். காகத்தைக் கண்டும் எழுதாமல் விட்டால், காகம் குறைந்துவிட்டது என்ற பொய் முடிவே கிட்டும். எனவே, படம் பிடிக்க இயலாதவை உட்பட, கண்ட இனங்கள் அனைத்தையும் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். படம் சான்று, பட்டியலே கணக்கு.

பள்ளியில் செய்யத் தக்க முறை

இதற்குப் பெரிய ஏரியோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. பள்ளி வளாகம், ஊர்க் குளம், வயல் வரப்பு ஆகியவற்றுள் ஒன்றே போதும். வாரம் ஒரு நாள், சூரியன் உதித்த சிறிது நேரத்தில், அரை மணி நேரம் ஒரே பாதையில் நடக்கலாம். நாள், நேரம், இடம், வானிலை ஆகியவற்றை முதலில் எழுதி, பிறகு கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் குறிக்க வேண்டும். கருவியிலுள்ள கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நன்று. நாள் தவறிய படம் பாதிப் பயனை இழந்துவிடும். ஆண்டிறுதியில் 52 பட்டியல்கள் கையில் இருக்கும். வலசைப் பறவை வந்த முதல் வாரமும் சென்ற கடைசி வாரமும் மாணவருக்கே விளங்கிவிடும்.

1930-இல் பம்பாய்க்கு அருகே கீஹிம் என்னும் கடற்கரை ஊரில், தூக்கணாங்குருவிக் கூட்டம் ஒன்றைச் சாலிம் அலி ஒரு பருவம் முழுவதும் கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிய பின், பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொள்கிறது என்பதையும், அதன் பின்னர் ஆண் வேறு கூடு கட்டத் தொடங்குகிறது என்பதையும் அங்கே கண்டறிந்தார். எல்லோரும் பார்த்துப் பழகிய பறவையிடமிருந்தே இவ்வறிவு கிடைத்தது. அண்மைக் காலத்தில், 2015 முதல் 2020 வரை, கேரள மாநிலம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துப் பறவைகளைப் பதிவு செய்தவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்களே.

ஓர் எச்சரிக்கை அவசியம். கூட்டை நெருங்கிப் படம் எடுக்க மாணவரை அனுமதித்தல் கூடாது. கிளையை விலக்கினால் வெயிலும் காக்கையும் குஞ்சைக் கொன்றுவிடும். பறவை எச்சரிக்கைக் குரல் எழுப்பினாலோ, இரையுடன் கூட்டுக்குச் செல்லத் தயங்கினாலோ, உடனே பின்வாங்க வேண்டும்.

முதலாண்டின் பட்டியல் பெரிய முடிவு எதையும் தாராது. அடுத்து வரும் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாகவே அது அமையும். ஆகவே குறிப்பேட்டைப் பள்ளியின் உடைமையாகப் பாதுகாத்து, ஆசிரியர் மாற்றலாகிச் சென்றாலும் அடுத்தவர் தொடரும்படி ஒப்படைப்பது கடமையாகும். சிட்டுக்குருவி நாட்டளவில் ஏறக்குறைய நிலையாக உள்ளதென்றும், பெருநகரங்களில் குறைந்து வருகிறதென்றும் 2020-ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது. தம் ஊரில் அது எந்நிலையில் உள்ளது என்னும் வினாவுக்கு விடை, அவ்வூரிலேயே எழுதப்படும் குறிப்பேட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.