கடைக்கால் போடுமுன் கிணற்றையும் கழிவுக்குழியையும் தீர்மானித்தல்

காஞ்சிபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள கிராமங்கள் ஒரு தலைமுறைக்குள் அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டன. 1996-ம் வருஷத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. 1998-ல் அதிலிருந்து மோட்டார் வண்டிகள் வெளிவந்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த அநேக நிலங்கள் சிப்காட் பேட்டைகளாகவும் வீட்டு மனைகளாகவும் ஆயின. மிச்ச நிலத்தை வைத்திருக்கும் குடியானவர்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி வீடு கட்டுகின்றனர். பக்கத்திலேயே தொழிலாளருக்கு வாடகைக்கு விடும்பொருட்டு வரிசையாய் அறைகளும் எழுப்புகின்றனர்.

இவ்விதம் கட்டுவோர் வாசற்கால் எத்திசை நோக்கவேண்டும், முகப்பு எவ்வாறிருக்கவேண்டும் என்று மாதக்கணக்கில் யோசனை செய்கிறார்கள். நல்ல ஜலம் எங்கிருந்து வரும், அழுக்கு ஜலம் எங்கே போகும் என்பதை மாத்திரம், பூச்சு வேலை ஆரம்பித்த பிறகு மேஸ்திரியின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். அப்பொழுது எந்த மூலை காலியாயிருக்கிறதோ அங்கே குழி தோண்டப்படும். அது கிணற்றுக்கு அண்மையில் அமைந்துவிட்டால் பின்னால் மாற்றுவதற்கு வழியில்லை. ஆகையால் மனையில் முதல் முளை அடிக்கும்பொழுதே கிணறு, செப்டிக் தொட்டி, உறிஞ்சுகுழி ஆகிய மூன்றின் இடத்தையும் தாளில் வரைந்து முடிவுசெய்துகொண்டு, அதற்கேற்ப வீட்டை அமைப்பதே சரியான முறையாகும்.

உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி, இருக்கவேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதி. வீட்டுச் சுவருக்கும் குழிக்கும் 20 அடி விடவேண்டும். இந்த 60 அடி தம்முடைய கிணற்றுக்கு மட்டுமன்று, அயலாருடைய கிணற்றுக்கும் உரியதென்பதைப் பலர் கவனிப்பதில்லை. இவ்விடத்தில் வாஸ்து விஷயம் ஒன்று சொல்லத்தக்கது. ஈசானிய மூலையில் கிணறும் வாயு மூலையில் மலக்குழியும் வைக்கவேண்டுமென்று பலர் கருதுகிறார்கள். கிழக்கு மேற்காய் ஒட்டியிருக்கும் மனைகளில் எல்லோரும் இப்படியே செய்தால், ஒவ்வொருவருடைய குழியும் மேற்கண்டை வீட்டாரின் கிணற்றுக்கு மதிலை ஒட்டியே வந்து சேரும். சாஸ்திரம் சொன்னவர்கள் 30 அடி அகல மனைகளைக் கண்டதில்லை.

அப்படியாயின் சிறு மனைக்காரர் செய்யவேண்டியது யாது? 1,200 சதுர அடி மனைக்குள் ஆழ்துளைக் கிணறும் உறிஞ்சுகுழியும் ஆகிய இரண்டையும் விதிப்படி வைப்பது அநேகமாய் இயலாது. அவர்கள் ஊராட்சிக் குழாய் ஜலத்தைக் கொண்டு கிணற்றை விட்டுவிடலாம். அல்லது நாலைந்து மனைக்காரர் சேர்ந்து தெருவின் மேட்டுப்புறத்தில் ஒரு பொதுக் கிணறு போட்டுக்கொண்டு, குழிகளைப் பள்ளத்துப் புறத்தில் வைக்கலாம். இரண்டும் முடியாதெனில், அடியும் பக்கமும் கசியாத தொட்டி கட்டி, அது நிறையும்போதெல்லாம் லாரியில் எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பவேண்டும். இம்முறையில் செலவு அதிகந்தான். ஆயினும் கெட்டுப்போன கிணற்றைச் சுத்தப்படுத்தும் வழி இதுவரை ஒருவருக்கும் மலிவாய் அமைந்ததில்லை. மலக்குழியிலிருந்து கிணற்றில் சேரும் நைட்ரேட் உப்பு கொதிக்கவைத்தால் போகாது. ஜலம் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கும் ஜலம் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கிணற்று ஜலத்தை வருஷத்துக்கொரு முறை தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்வது நலம்.

தொட்டியின் அளவைப் பற்றி விவரமாய்ச் சொல்லவேண்டியிருக்கிறது. இப்பிரதேசத்தில் பெருங்கேடு இதனாலேயே விளைகிறது. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு, இரண்டு வருஷத்துக்கொரு முறை சேறு எடுப்பதாயிருந்தால், உள்ளளவு 5 அடி நீளம், 2½ அடி அகலம், 3½ அடி நீராழம் போதுமானது; அதன்மேல் 1 அடி வெற்றிடம் விடவேண்டும். இருபது பேருக்கோ 7½ அடி நீளமும் சற்றேறக்குறைய 3¾ அடி அகலமும் 6 அடி நீராழமும் வேண்டும். கன அளவில் இது முன்னதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. வீட்டுக்காரர் குடும்பத்துக்கென்று கட்டிய தொட்டியிலேயே பின்னால் எழுந்த ஐந்து வாடகை அறைகளின் குழாயையும் சேர்த்துவிடுவது சகஜமாயிருக்கிறது. அறைக்கு நால்வர் என்றால் இருபது பேர். அவர்கள் ஷிப்டு முறையில் வேலைக்குப் போகிறவர்களாதலால் குளிப்பதும் கழிவறை செல்வதும் ஒரே மணி நேரத்தில் நடக்கும். அவ்வளவு ஜலம் திடீரெனப் பாயும்பொழுது தொட்டியில் அழுக்கு அடியில் தங்க அவகாசமின்றி, கலங்கியபடியே உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும். பிறகு மழைக்காலத்தில் குழி பொங்கும். வாடகைக்கு விடும் உத்தேசம் உள்ளவர்கள் முதலிலேயே பெரிய தொட்டி கட்டவேண்டும். அல்லது அறை வரிசைக்குத் தனித் தொட்டி வைக்கவேண்டும்.

தொட்டி நிரம்பினால் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது குற்றம். 2013-ம் வருஷத்து மத்தியச் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது. மூடிய தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் ஸல்பைடு வாயு இரண்டொரு மூச்சில் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். காப்பாற்ற இறங்குகிறவரும் அப்படியே மாளுவது தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் நேர்ந்திருக்கிறது. ஆகவே லாரிக் குழாய் எட்டும்படியான இடத்தில் தொட்டியும், அதன்மேல் திறக்கத்தக்க மூடியும் இருத்தல் வேண்டும். மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டி வாசல் முற்றமாக்கிவிடுவது அழகாயிருக்கலாம். பிற்பாடு உடைத்தெடுக்க நேரிடும். மழைக்காலத்தில் சேறெடுத்த தொட்டியைக் காலியாய் விடாமல் உடனே ஜலம் நிரப்பவேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கையில் வெறுந்தொட்டி தெப்பம்போல் மேலெழும்பிக் குழாயை முறித்துவிடும்.

உறிஞ்சுகுழி எல்லா மண்ணிலும் உறிஞ்சாது. நஞ்சையைத் திருத்திப் போட்ட மனைகளில் களிமண் கெட்டியாயிருக்கும். குழி வைக்கப்போகும் இடத்தில் அதே ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் எடுத்து, முதல் நாள் முழுவதும் ஜலம் விட்டு ஊறவைத்து, மறுநாள் ஒரு சாண் உயரம் ஜலம் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிஷமாகிறதென்று கடிகாரம் பார்க்கவேண்டும். 30 நிமிஷத்துக்குள் இறங்கினால் குழி போடலாம். 60 நிமிஷம் வரை ஆனால் ஆழக்குழிக்குப் பதிலாய், ஜல்லி நிரப்பிய நீண்ட வாய்க்கால்களில் கழிவுநீரைப் பரப்பவேண்டும். அதற்கும் மேற்பட்டால் அம்மண் கழிவுநீரை ஏற்காதென்று கொள்ளவேண்டும். இச்சோதனைக்குச் செலவு ஒரு நாள் கூலியே.

அதே களிமண்தான் சுவர் வெடிப்புக்கும் காரணம். மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் மண்ணின்மேல் சாதாரணமான 4 அடிக் கடைக்கால் நிலையாக நிற்பதில்லை. மண்ணின் குணத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நன்றாய்க் காய்ந்து பொடித்துச் சலித்த மண்ணைச் சம அளவாய் இரண்டு கண்ணாடிக் குழல்களிலிட்டு, ஒன்றில் ஜலமும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் வைக்கவேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. ஜலக் குழலில் மண் ஒன்றரை மடங்கு உயரம் நின்றால் அது மிகக் கெட்ட மண். பொறியாளரைக் கேளாமல் அதில் கட்டலாகாது. இத்தகைய மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களைச் சுமார் 11½ அடி ஆழத்துக்கு இறக்கும் முறையைப் பரவச் செய்திருக்கிறார்கள். அந்த ஆழத்தில் ஈரம் வருஷம் முழுவதும் அதிகம் மாறுவதில்லை. சுவருக்கருகில் வேம்பு, தூங்குமூஞ்சி முதலிய பெருமரங்களை வைப்பதும், கசியும் குழாயைக் கவனியாது விடுவதும் இம்மண்ணில் ஒரே விதமான தீங்கைத் தரும். ஒன்று ஈரத்தை இழுக்கும், மற்றொன்று கொட்டும்.

வீட்டு மட்டத்தைப் பற்றி 2015-ம் வருஷத்து வெள்ளமே போதிய பாடம். டிசம்பர் 1-ந் தேதியும் அதற்கடுத்த காலையும் சேர்ந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய மேல் ஏரிகளின் உபரிநீர் அவ்வேரிக்கே வந்து சேருகிறது. மனையில் அவ்வெள்ளம் நின்ற குறியை ஊராரிடம் விசாரித்து அதற்கு 2 அடி மேல் தளமட்டம் வைப்பது சிலாக்கியம். தரைக்குள் கட்டும் நீர்த்தொட்டியின் வாயும் 1 அடியாவது உயர்ந்திருக்கவேண்டும். இல்லாவிடில் தெரு ஜலமும் பொங்கிய மலக்குழியும் குடிநீரில் கலக்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் புலப்படத்தில் மனையின்மேல் கலங்கல் வாய்க்கால் ஏதும் செல்கிறதா என்று மனைதாரருக்குக் காட்டிக் கொடுப்பது பேருதவியாகும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யலாகாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டதன் பிறகும், வாங்கிய பின்னரே படம் பார்ப்போர் உண்டு.

குழாய் வேலையில் சில விஷயங்கள் மட்டும். மாடித் தொட்டிக்கு நேர் கீழுள்ள குளியலறையில் ஜலம் நூலாய் வடிகிறதென்று குறை சொல்வோர் பலர். 33 அடி உயரத்துக்கு ஒரு சதுர செ.மீட்டரில் ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. தொட்டியைத் தளத்தின்மேல் அப்படியே வைக்காமல் 6 அல்லது 8 அடி உயர்த்தினால் குறை பெரிதும் தீரும். ஆயிரம் லிட்டர் ஜலம் ஒரு டன் எடையாதலால் பீடம் சுவர்மேலோ தூண்மேலோ நிற்கவேண்டும். வெந்நீருக்கு ஸி.பி.வி.ஸி. குழாயே உகந்தது. 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 60 முதல் 80 அடிக்கு 1 அடி வாட்டம் வேண்டும். வாட்டம் அதிகமானால் ஜலம் முந்தி ஓடி மலம் தங்கிவிடும். நேர்முழங்கை வளைவைத் தவிர்த்து இரண்டு அரைவளைவுகளாய் வைத்து, திரும்புமிடந்தோறும் சோதனைத் தொட்டி கட்டவேண்டும்.

குளியல், துணி துவைத்தல், சமையல் இவற்றின் ஜலத்தைச் செப்டிக் தொட்டியில் விடுவது இரட்டை நஷ்டம். ஒரு வடிகட்டும் தொட்டி வழியாய் அதை வாழைக்கோ தென்னைக்கோ கல்வாழைப் பாத்திக்கோ விடலாம்; பச்சையாய்த் தின்னும் கீரைக்கு விடலாகாது. கூரை மழைநீரோ இதனுடன் சேராமல் கிணற்றருகில் இறங்கவேண்டும். இதை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003-ல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கினர். வருஷத்தில் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்யும் இவ்விடத்தில், 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து சேதாரம் போக ஏறக்குறைய 90,000 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் குடும்பத்துக்கு நான்கு மாதத்துக்கு மேல் காணும் அளவு அது.

சோதனைப் பள்ளமும் மண் பரீட்சையும் சித்திரை வைகாசியில் செய்து, ஆவணிக்குள் தொட்டியும் குழியும் முடிப்பது வேலைக்கு ஏற்ற காலம். சுவர் பூசுமுன் குழாய்களில் ஜலம் நிரப்பி அழுத்தம் கொடுத்து ஒரு நாள் வைத்துக் கசிவு பார்க்கவேண்டும். பிறகு ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் சார்த்திப் படமெடுத்து, குழியும் மூடியும் இருக்குமிடத்தை அடிக்கணக்கில் குறித்த ஒரு வரைபடத்தை மின்மீட்டர்ப் பெட்டியின் உட்கதவில் ஒட்டிவைக்கலாம். சேறெடுக்க வரும் லாரிக்காரர் கேட்கும்பொழுது வீட்டில் யார் இருந்தாலும் காட்ட முடியும்.